விண்டோஸ் இருக்கும் சி டிரைவை மட்டும் புது என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாற்றுவது எப்படி? (பழைய வட்டு எம்பிஆர், லெகசி பூட்)

அச்சுமை எழுதியது:

வணக்கம். டிடிபி கடையில் ஓடும் டெஸ்க்டாப். ஐ3-8100 புராசஸர், எச்310 சிப்செட் போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி சாட்டா ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 64-பிட். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கிறது. அதனால் 500 ஜிபி எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று வாங்கியாயிற்று.

இப்போதைய பார்ட்டிஷன் நிலவரம்: சிஸ்டம் ரிசர்வ்டு 549 எம்பி, சி 200 ஜிபி (130 ஜிபி நிரம்பியுள்ளது), டி 365 ஜிபி, ஈ 365 ஜிபி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி, ஈ இரண்டையும் சுற்றிப் பச்சைக் கோடு இருக்கிறது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோடு 'லெகசி' (பழைய பூட் முறை) என்று காட்டுகிறது.

பேஜ்மேக்கர், பாமினி, வானவில் எழுத்துருக்கள், டேலி எல்லாம் சி-யில் இருக்கின்றன. வேலைக் கோப்புகள் டி, ஈ-யில். சி-யை மட்டும் எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோய், டி, ஈ இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி (பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அமைப்பைப் புது ஜிபிடி அமைப்பாக மாற்றும் விண்டோஸ் கருவி) ஓட்டியதில் 'வேலிடேஷன் ஃபெயில்டு' என்று நின்றுவிட்டது. மறுபடி விண்டோஸ் போடாமல் முடியுமா? விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விடுமா?

---

கரிசல்மண் எழுதியது:

முடியும். ஆக்டிவேஷனும் போகாது. டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமா மதர்போர்டைப் பார்த்துத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. வட்டு மாறினா அதுக்குக் கவலை இல்ல.

எம்பிஆர்2ஜிபிடி நின்னதுக்குக் காரணம் அந்தப் பச்சைக் கோடுதான். டி, ஈ ரெண்டும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள்ள லாஜிக்கலா இருக்கு. அந்தக் கருவி பிரைமரி பார்ட்டிஷன் மட்டும் உள்ள வட்டைத்தான் ஏத்துக்கும், அதுவும் மூணுக்கு மேல இருக்கக் கூடாது. அது நின்னது உங்களுக்கு நல்லதுதான். புது எஸ்எஸ்டி தனியா பூட் ஆகி வேலை செய்யுற வரைக்கும் பழைய வட்டோட பார்ட்டிஷன் டேபிளைத் தொடவே கூடாது. வேலை நடுவுல கரண்ட் போகுதுன்னு வைங்க. சும்மா படிச்சுக்கிட்டு இருந்த வட்டுக்கு ஒண்ணும் ஆகாது, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கலாம். பார்ட்டிஷனை நகர்த்திக்கிட்டு இருந்த வட்டுன்னா டி, ஈ-யில இருக்கிற வேலையும் சேர்ந்து போயிடும்.

அதனால முழு வட்டு குளோன் வேண்டாம். எஸ்எஸ்டியில ஜிபிடி அமைப்பைப் புதுசா நீங்களே போடுங்க, சி-யோட உள்ளடக்கத்தை மட்டும் அதுக்குள்ள இறக்குங்க, பூட் கோப்புகளைப் புதுசா எழுதுங்க. சிஸ்டம் ரிசர்வ்டை எடுத்துட்டுப் போகவே வேண்டாம், லெகசி பூட்டுக்கான பார்ட்டிஷன் அது. என்விஎம்இ-யில இருந்து பூட் ஆக, லெகசிக்குப் பதிலா வந்த புது பூட் முறையான யூஇஎஃப்ஐதான் நம்பகமான வழி.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, வட்டோட ஆரோக்கியத்தைக் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவுல பழைய வட்டைப் பாருங்க. 05, சி5, சி6 (மோசமான செக்டார்களோட கணக்கு) மூணு வரியிலயும் ரா வேல்யூ பூஜ்யமா இருக்கணும். 100 சதவீதத்தில் நிக்கிற டிஸ்க்குக்கு வயசு மட்டும் காரணம் இல்ல, செத்துக்கிட்டு இருக்கிற செக்டாரும் காரணமா இருக்கலாம். சி5 பூஜ்யம் இல்லைன்னா இதுக்குக் கீழ சொல்றது எதையும் செய்யாதீங்க. 'செக்டிஸ்க் /ஆர்' ஓட்டவே ஓட்டாதீங்க. மோசமான செக்டாரையே திரும்பத் திரும்பப் படிச்சு மிச்ச உயிரையும் எடுத்துடும். முதல்ல டி, ஈ-யில இருக்கிற முக்கியமான கோப்புகளை வெளி வட்டுக்கு எடுங்க. அப்புறம் லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ வெச்சு முழு வட்டையும் இமேஜ் எடுக்கணும். அது தனிக் கதை.

மூணும் பூஜ்யம்னா மேல போகலாம். மின்சாரத்தை முழுசா துண்டிச்சுட்டு எஸ்எஸ்டியை ஸ்லாட்டுல சாய்வா சொருகி, அமுக்கி, திருகைப் போடுங்க. அடியில் நிக்கிற சின்ன பித்தளைக் குமிழ் மதர்போர்டு பெட்டியில தனியா வந்திருக்கும். அது இல்லாம திருகை இறுக்கினா எஸ்எஸ்டி வளையும். அதைத் தேடி எடுத்துப் போடுங்க.

எஸ்எஸ்டியை மாட்டின கையோட பழைய விண்டோஸையே ஒரு தடவை பூட் பண்ணி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எஸ்எஸ்டி தெரியுதான்னு பாருங்க. நிறைய பேர் விட்டுடற இடம் இது. சாட்டா வட்டிலேயே வளர்ந்த விண்டோஸுக்கு என்விஎம்இ டிரைவர் கையில இருக்கும், ஆனா பூட் நேரத்துலயே ஏத்தணும்னு பதிவாகி இருக்காது. ஒரு தடவை எஸ்எஸ்டியைப் பார்த்துட்டா அந்தப் பதிவு விழுந்துடும். அதுக்கு அப்புறம் காப்பி பண்ணா, புது இடத்துல 'இன்ஆக்ஸசபிள் பூட் டிவைஸ்' நீலத்திரை வர வாய்ப்பு ரொம்பக் குறைவு.

அடுத்து பழைய விண்டோஸுக்குள்ளேயே சில வேலை. சி-க்கு 'செக்டிஸ்க் /எஃப்' ஒரு தடவை. பவர் ஆப்ஷன்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைச்சுடுங்க; அது இருந்தா ஷட்டவுன் ஆனாலும் சி-யோட ஃபைல் சிஸ்டம் (என்டிஎஃப்எஸ்) பாதித் தூக்கத்துல இருக்கும், நாம காப்பி எடுக்கப் போற கருவியான குளோன்சில்லா அந்த பார்ட்டிஷனைத் தொட மாட்டேன்னு நின்னுடும். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ரீஏஜென்ட்சி /டிசேபிள்' கொடுங்க. விண்டோஸ் ரெக்கவரி கோப்பு உங்க வட்டுல சிஸ்டம் ரிசர்வ்டுக்குள்ள இருக்கலாம். இந்தக் கட்டளை அதை சி-க்குள்ள இழுத்து வெச்சுடும், நீங்க சி-யை எடுத்துட்டுப் போகும்போது கூடவே வந்துடும். டேலியில லைசென்ஸை சரண்டர் பண்ணிடுங்க. வேலை முடிஞ்சு புது விண்டோஸ்ல மறுபடி ஆக்டிவேட் பண்ணிக்கலாம்.

இப்ப எஸ்எஸ்டியைப் பிரிக்கணும். டிஸ்க்பார்ட் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்'. 931 ஜிபி காட்டுறது ஹார்டு டிஸ்க், 465 ஜிபி காட்டுறது எஸ்எஸ்டி. எண்ணை நம்பாதீங்க, அளவை நம்புங்க. எஸ்எஸ்டியை செலக்ட் பண்ணி 'டீட்டெயில் டிஸ்க்' கொடுத்து மாடல் பேரைப் படிச்சுட்டுத்தான் அடுத்த வரி. ஏன்னா அடுத்த வரி 'கிளீன்'. அது எந்த வட்டுல விழுதோ அந்த வட்டு காலி. வரிசை இது (தட்டுறது ஆங்கிலத்துல):

கிளீன்
கன்வெர்ட் ஜிபிடி
கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=300
ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32
கிரியேட் பார்ட்டிஷன் எம்எஸ்ஆர் சைஸ்=16
கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி சைஸ்=450000
ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ்

'கன்வெர்ட் ஜிபிடி' முடிஞ்சதும் 'லிஸ்ட் பார்ட்டிஷன்' கொடுத்துப் பாருங்க. ரிசர்வ்டுன்னு ஒண்ணு தானாவே வந்திருந்தா எம்எஸ்ஆர் (மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு) வரியை விட்டுடுங்க. எப்படிப் பார்த்தாலும் விண்டோஸுக்கான பார்ட்டிஷன் மூணாவதாத்தான் வரும். அளவு எம்பியில. கடைசியில சுமார் 26 ஜிபி காலியா விடுறேன். ரெக்கவரி பார்ட்டிஷன் வேணும்னா பின்னாடி அதுல போட்டுக்கலாம், இல்லைன்னா எஸ்எஸ்டி கன்ட்ரோலருக்கு மூச்சு விட இடமா இருக்கட்டும்.

குளோன்சில்லாவை ரூஃபஸ்ங்கிற கருவி வெச்சு ஒரு பென்டிரைவ்ல எழுதி பூட் பண்ணுங்க. டிவைஸ்-டிவைஸ், எக்ஸ்பர்ட் மோடு, பார்ட் டு லோக்கல் பார்ட். மூலம் எஸ்டிஏ2 (200 ஜிபி), இலக்கு என்விஎம்இ0என்1பி3. இங்கேயும் பேரைவிட அளவைப் பாருங்க. ஆப்ஷன் பட்டியல்ல '-ஆர்' டிக் ஆகியிருக்கணும். இல்லைன்னா பார்ட்டிஷன் பெருசா இருக்கும், உள்ளே ஃபைல் சிஸ்டம் 200 ஜிபியிலேயே நிக்கும். அப்படி ஆகிட்டாலும் பயப்பட வேண்டாம், பின்னாடி விண்டோஸ்ல டிஸ்க்பார்ட்டில் அந்த வால்யூமை செலக்ட் பண்ணி 'எக்ஸ்டெண்ட் ஃபைல்சிஸ்டம்' கொடுத்தா சரியாகிடும். நிரம்பின பகுதியை மட்டும்தான் காப்பி பண்ணும். 130 ஜிபிக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும், வேகத்தைத் தீர்மானிக்கிறது பழைய ஹார்டு டிஸ்க்தான்.

முடிஞ்சதும் ஷட்டவுன் பண்ணி ஹார்டு டிஸ்க்கோட சாட்டா கேபிளைக் கழட்டிடுங்க. இதைத் தவிர்க்காதீங்க. முதல் பூட்டுல பழைய வட்டும் கண்ணுல பட்டா, புது விண்டோஸ் பழைய சி-யையே தன்னோட சி-ன்னு நினைச்சுக்கும். இல்லைன்னா நீங்க பழைய விண்டோஸ்ல உட்கார்ந்துக்கிட்டு 'வேகமே ஏறலையே'ன்னு பார்த்துக்கிட்டு இருப்பீங்க.

பயாஸ்ல சிஎஸ்எம்-ஐ (லெகசி பூட்டை அனுமதிக்கிற அமைப்பு) அணைங்க. சாட்டா மோடு ஏஹெச்சிஐ-யோ வேறயோ, இருக்கிறதை மாத்தாதீங்க. விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ்ல (8 ஜிபி போதும்) பூட் பண்ணி, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்+எஃப்10. டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்', அந்த 300 எம்பி ஃபேட்32 வால்யூமை செலக்ட் பண்ணி 'அசைன் லெட்டர்=எஸ்'. வெளியே வந்து, பூட் கோப்புகளை எழுதுற கட்டளை:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

'பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்'னு வந்தா வேலை முடிஞ்சது. பென்டிரைவை எடுத்துட்டு ரீஸ்டார்ட்.

---

நெய்தல்கரை எழுதியது:

கரிசல்மண் சொன்ன வரிசை சரியானது. இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

முதலாவது, ஸ்லாட். எச்310 போர்டுகள் எல்லாவற்றிலும் எம்.2 ஸ்லாட் இருப்பதில்லை. சிலவற்றில் இருந்தாலும் எந்த வகை எஸ்எஸ்டியை ஏற்கும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். கையேட்டில் 'பிசிஐஇ' (என்விஎம்இ பயன்படுத்தும் இணைப்பு) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டியில் இருக்கும் வெட்டை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அடுத்து, எச்310 சிப்செட் தரும் லேன்கள் (தரவு செல்லும் பாதைகள்) பிசிஐஇ 2.0 மட்டுமே. சிப்செட்டிலிருந்து இரண்டு லேன் எடுக்கும் ஸ்லாட் என்றால் கணக்குப்படி 1000 எம்பி, நடைமுறையில் வினாடிக்கு 800 எம்பி சுற்றுவட்டாரம்தான் கிடைக்கும். எஸ்எஸ்டி பெட்டியில் 3500 என்று அச்சிட்டிருக்கும். வேகம் குறைவாக வந்தால் எஸ்எஸ்டி போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'டிரான்ஸ்ஃபர் மோடு' வரியில் இப்போது ஓடும் வேகமும், எஸ்எஸ்டியின் அதிகபட்சமும் அருகருகே இருக்கும். பேஜ்மேக்கர் திறப்பது, எழுத்துருப் பட்டியல் விரிவது போன்ற வேலைகளில் எண்ணிக்கையில் அதிகமான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதுதான் நேரத்தைத் தின்னும். அந்தத் தேடலில் ஹார்டு டிஸ்க்கின் தலை நகர வேண்டிய நேரம் முழுவதும் மிச்சமாவதால், 800-க்கும் 3500-க்கும் இடையே உங்கள் வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, புதிதாக விண்டோஸ் போடுவது பற்றி. பொதுவாக நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். பல வருடக் குப்பையைப் புது வட்டுக்குச் சுமந்து செல்வதில் பயனில்லை. ஆனால் டிடிபி கடை விதிவிலக்கு. பழைய பேஜ்மேக்கரின் இன்ஸ்டால் சிடியும் சீரியல் எண்ணும் கையில் இல்லாத கடைகளே அதிகம். அவை இல்லையென்றால் குளோன்தான் வழி.

புதிதாகப் போடுவதாக இருந்தால் எழுத்துருக்களில் ஏமாந்துவிடாதீர்கள். சி-யில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தால் போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது பயனரின் ஆப்டேட்டா\லோக்கல்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் போய் உட்காரும். பாமினியில் தட்டச்சு செய்த திருமணப் பத்திரிகைக் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். இரண்டு இடத்திலிருந்தும் எடுங்கள்.

---

அச்சுமை எழுதியது:

சி5 உட்பட மூன்றும் பூஜ்யம். குளோன்சில்லா வரை எல்லாம் சொன்னபடி முடிந்தது. ஹார்டு டிஸ்க் கேபிளைக் கழற்றியாயிற்று. பிசிடிபூட் கொடுத்தால் 'ஃபெய்லியர் வென் அட்டெம்ப்டிங் டு காப்பி பூட் ஃபைல்ஸ்' என்று வருகிறது. எஸ் எழுத்து கொடுக்கும்போது பிழை எதுவும் வரவில்லை.

---

பூட்டுசாவி எழுதியது:

அந்த ஒரே பிழைக்கு மூன்று காரணங்கள் உண்டு. இந்த வரிசையில் பாருங்கள்.

இன்ஸ்டால் பென்டிரைவுக்குள் நீங்கள் பார்க்கும் 'சி' உங்கள் விண்டோஸ் இருக்கும் சி-யாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சூழல் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை ஒதுக்கும். பென்டிரைவே சி ஆகியிருக்கலாம், விண்டோஸ் டி-யாகவோ ஈ-யாகவோ இருக்கலாம். 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்து 439 ஜிபி என்டிஎஃப்எஸ் வால்யூமுக்கு என்ன எழுத்து என்று பாருங்கள். எழுத்தே இல்லையென்றால் நீங்களே ஒன்று கொடுங்கள். பிறகு 'டிர்' கட்டளையால் அங்கே விண்டோஸ், யூசர்ஸ் ஃபோல்டர்கள் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பிசிடிபூட்டின் முதல் பகுதியில் அந்த எழுத்தை எழுதுங்கள். பெரும்பாலும் இதுதான்.

அதிலும் சரியாகவில்லை என்றால், எஸ் எழுத்து தவறான வால்யூமுக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். 300 எம்பி, ஃபேட்32, 'ஹிட்டன்' என்று இருக்க வேண்டும். ஃபைல் சிஸ்டம் 'ரா' என்று காட்டினால் ஃபார்மேட் வரி விடுபட்டிருக்கிறது; அந்த வால்யூமை செலக்ட் செய்து 'ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32' மறுபடி கொடுங்கள். அதில் இன்னும் ஒன்றும் இல்லாததால் இழப்பில்லை.

மூன்றாவது காரணம் சிஎஸ்எம் அணையாமல் பென்டிரைவ் லெகசியில் பூட் ஆகியிருப்பது. பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தோன்றும். முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருப்பவர்கள் சிஎஸ்எம்-ஐ அணைக்கும் முன் கவனியுங்கள். யூஇஎஃப்ஐ ஆதரவு இல்லாத மிகப் பழைய கார்டு என்றால் திரை கறுத்துப்போகும். கேபிளை மதர்போர்டின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றினாலும் வரவில்லை என்றால், மின்சாரத்தைத் துண்டித்து சிஆர்2032 செல்லைச் சில நிமிடம் கழற்றிப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

---

அச்சுமை எழுதியது:

முதல் காரணமேதான். விண்டோஸ் ஈ-யில் இருந்தது. பிசிடிபூட்டில் எழுத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. எஸ்எஸ்டியிலிருந்து நேராக டெஸ்க்டாப் வந்துவிட்டது, பயாஸ் மோடு 'யூஇஎஃப்ஐ' என்று காட்டுகிறது, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியே இருக்கிறது. படிக்கும் வேகம் 790 சொச்சம். மிகவும் நன்றி.

ஹார்டு டிஸ்க்கை மறுபடி மாட்டியதும் ஈ சரியாக வந்தது. ஆனால் பழைய டி இப்போது எஃப் என்று வருகிறது, டேலி டேட்டா ஃபோல்டரைக் காணவில்லை என்கிறது. பழைய சி, ஜி என்று தெரிகிறது. பழைய சி-யை இப்போதே அழித்துவிடலாமா?

---

கரிசல்மண் எழுதியது:

முதல் பூட்டுல இன்ஸ்டால் பென்டிரைவ் சொருகியபடியே இருந்திருக்கும். டி எழுத்தை அது பிடிச்சுக்கிச்சு. பென்டிரைவை எடுத்துடுங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எஃப் மேல வலது சொடுக்கு, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்', டி-ன்னு மாத்துங்க. டேலி, பேஜ்மேக்கர்ல இணைச்ச படங்கள், டெஸ்க்டாப் ஷார்ட்கட் எல்லாம் பாதையை முழுசா எழுத்தோட சேர்த்துத்தான் நினைவுல வெச்சிருக்கு. எழுத்து திரும்பினா எல்லாம் திரும்பிடும். டேலி லைசென்ஸை எழுத்தை மாத்தின பிறகு ஆக்டிவேட் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்.

பழைய சி-யை இப்ப அழிக்காதீங்க. ஜி எழுத்தை மட்டும் எடுத்துடுங்க. எழுத்து இருந்தா யாராவது தெரியாம அதுக்குள்ள கோப்பைச் சேமிச்சு வெப்பாங்க. பில் போடுறது, பிரிண்ட் எடுக்குறது, மாதக் கணக்கு முடிக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகிப் பார்க்கிறதுன்னு கடையில நடக்கிற எல்லா வேலையும் ஒரு சுற்று வந்த பிறகு ஃபார்மேட் பண்ணிக்கலாம். அப்பவும் அந்த 200 ஜிபியை எஸ்எஸ்டியோட சி-க்கு வாரா வாரம் இமேஜ் எடுத்து வைக்கிற இடமா வெச்சுக்கிறதுதான் நல்ல உபயோகம். எஸ்எஸ்டி சாகும்போது ஹார்டு டிஸ்க் மாதிரி கடகடன்னு சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லாது.

புது விண்டோஸ்ல பார்க்க வேண்டிய மிச்சம்: 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' கொடுத்து, அப்புறம் 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ'வுல எனேபிள்டுன்னு வருதான்னு பாருங்க. ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் திறந்தா சி-க்கு நேரா 'சாலிட் ஸ்டேட் டிரைவ்'னு இருக்கணும். அங்கே ஹார்டு டிஸ்க்னு இருந்தா டிரிம்முக்கு (அழிச்ச இடம் எதுன்னு எஸ்எஸ்டிக்குச் சொல்ற வேலை) பதிலா டீஃபிராக் ஓடும். 'எஃப்எஸ்யூட்டில் பிஹேவியர் குவெரி டிசேபிள்டிலீட்நோட்டிஃபை' கொடுத்து விடை 0-ன்னா டிரிம் வேலை செய்யுது. பேஜிங் ஃபைலை முன்னாடி யாராவது டி-க்கு மாத்தி வெச்சிருந்தா சி-க்குத் திருப்புங்க. 8 ஜிபி ரேம்ல அது ரொம்ப வேலை செய்யும், ஹார்டு டிஸ்க்ல இருந்தா எஸ்எஸ்டி வாங்கின பலன்ல பாதி போயிடும்.

---

நெய்தல்கரை எழுதியது:

யூஇஎஃப்ஐ-க்கு வந்துவிட்டதால் அடுத்த படிக்கும் வழி திறந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் ஐ3-8100 விண்டோஸ் 11-க்கான பட்டியலில் உள்ள புராசஸர். பயாஸில் 'பிடிடி'-யை இயக்கினால் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) கிடைக்கும், செக்யூர் பூட்டை இயக்கலாம். பழைய எம்பிஆர் அமைப்பில் இது நடந்திருக்காது. ஆனால் பேஜ்மேக்கரையும் பிரிண்டர் டிரைவரையும் முதலில் உறுதி செய்துகொண்டு, எஸ்எஸ்டியின் இமேஜ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். காலியாக விட்ட 26 ஜிபியில் 1 ஜிபிக்கு ரெக்கவரி பார்ட்டிஷன் போட்டுக்கொள்வதும் நல்லது. 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாமல் பலருக்கு 0x80070643 பிழையோடு நின்றது. அது கேட்டது 250 எம்பி காலியிடம் மட்டுமே.

---

பூட்டுசாவி எழுதியது:

இதே வேலையை லேப்டாப்பில் செய்யப்போகிறவர்கள் இந்த இழையை அப்படியே பின்பற்ற வேண்டாம். இரண்டு இடங்கள் மாறும்.

விண்டோஸ் 11 உடன் வந்த லேப்டாப்களில் உங்களுக்குத் தெரியாமலேயே டிவைஸ் என்க்ரிப்ஷன் (வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பாருங்கள். இயங்கினால், முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிறகு என்க்ரிப்ஷனை அணைத்து, பூட்டு முழுவதும் நீங்கும் வரை காத்திருங்கள். பூட்டிய பார்ட்டிஷனுக்குள் எது நிரம்பிய இடம், எது காலி இடம் என்று குளோன்சில்லாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு செக்டாராகத்தான் காப்பி எடுக்கும். சின்ன எஸ்எஸ்டிக்குப் போவதென்றால் அது நடக்கவே நடக்காது. புது வட்டில் எல்லாம் முடிந்த பிறகு மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, 11-ஆம் தலைமுறை இன்டெல் முதல் பல லேப்டாப்களில் பயாஸில் 'விஎம்டி' (இன்டெலின் வட்டு நிர்வாக அமைப்பு) இயங்கியபடி வருகிறது. அந்த நிலையில் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவுக்கு எஸ்எஸ்டியே தெரியாது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து விரித்து பென்டிரைவில் போட்டு, வட்டு தேர்ந்தெடுக்கும் திரையில் 'லோட் டிரைவர்' கொடுங்கள். விஎம்டி-யை அணைத்துவிட்டால் போதும் என்று அவசரப்பட்டு அணைத்தால், ஏற்கனவே உள்ள விண்டோஸ் நீலத்திரையில் விழும். அணைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் விண்டோஸில் 'பிசிடிஎடிட் /செட் சேஃப்பூட் மினிமல்' கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை உள்ளே போய் 'பிசிடிஎடிட் /டிலீட்வேல்யூ சேஃப்பூட்' கொடுங்கள். சேஃப் மோடு அடிப்படை வட்டு டிரைவர்கள் எல்லாவற்றையும் ஏற்றுவதால் அந்த ஒரு பூட்டிலேயே பதிவு சரியாகிவிடும்.

ஒற்றை எம்.2 ஸ்லாட் உள்ள லேப்டாப் என்றால் புது எஸ்எஸ்டியை யூஎஸ்பி என்க்ளோஷரில் வைத்துத்தான் காப்பி எடுக்க முடியும். என்விஎம்இ-க்கான என்க்ளோஷரும் சாட்டா எம்.2-க்கான என்க்ளோஷரும் வேறு வேறு. இரண்டையும் ஏற்பவையும் உண்டு. பெட்டியில் படித்துவிட்டு வாங்குங்கள். 130 ஜிபியை ஒரே மூச்சில் எழுதும்போது எஸ்எஸ்டி நன்றாகச் சூடாகும். வேகம் திடீரென்று இறங்கினால் சூடோ, கேஷ் நிரம்பியதோதான் காரணம்; கேபிளைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள், மெதுவாக முடித்துவிடும்.

---

அச்சுமை எழுதியது:

டி எழுத்து திரும்பிவிட்டது, டேலி டேட்டா திறக்கிறது, லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது. ரீஏஜென்ட்சி 'எனேபிள்டு', டிரிம் விடை 0. பேஜிங் ஃபைல் உண்மையாகவே டி-யில்தான் இருந்தது, சி-க்கு மாற்றியாயிற்று. பழைய சி-க்கு எழுத்தை எடுத்துவிட்டேன். மாதக் கணக்கு முடிந்த பிறகு ஃபார்மேட்.